முதுகில் கட்டியோடு பிறந்த பிள்ளை நடக்காதா?

“முதுகில் கட்டியோடு பிறந்த பிள்ளை ஒருநாளும் நடக்காது, சூடான எண்ணெய் ஒத்தடம் மட்டும்தான் வழி” என்று தோட்டப்பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

இப்படிக் கட்டி வரக் காரணமாகும் ஸ்பைனா பிஃபிடாவில் (கருவிலேயே முதுகெலும்பு முழுதாக மூடாமல், உள்ளே இருக்கும் நரம்புகள் பாதிக்கப்படும் பிறவிக் குறை), முதுகுத்தண்டு எந்த மட்டத்தில் பாதிக்கப்பட்டது என்பதே முக்கியம். அடிமுதுகின் கீழ்க்கோடியில் என்றால் பெரும்பாலான பிள்ளைகள் நடக்கிறார்கள்; பலருக்குக் கணுக்கால் தாங்கி வேண்டும். நெஞ்சு மட்டத்தில் என்றால் பெரும்பாலும் சக்கர நாற்காலிதான். லயத்துப் படிகளில் அதை ஏற்றி இறக்குவது பெரும்பாடு, சரிவுப்பாதை கேட்டு வாங்குங்கள்.

ஒத்தடம்தான் எனக்குப் பெரிய பயம். இந்தப் பிள்ளைகள் பலருக்குக் காலில் சூடு தெரியாது. நுவரெலியாக் குளிருக்கு வைக்கும் சுடுநீர்ப் போத்தலே கொப்புளம் போட்டுவிடும், பிள்ளை அழாது. தினமும் படுக்குமுன் சப்பாத்தைக் கழற்றி உள்ளங்காலைப் பாருங்கள்.