எனக்கு நானே வேற்றாள்

ஓசூரில் உள்ள எங்கள் பட்டறையிலிருந்து பெங்களூரில் நாங்கள் வாடகைக்கு எடுத்த சிறு கிடங்குக்குப் போக ஒன்றரை மணி நேரமே ஆகும்; ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தின் கண்ணுக்கு அவை இரண்டும் இரு வேறு ஆட்கள். ‘ஒரே நாடு, ஒரே வரி’ என்ற முழக்கத்தோடு 2017 ஜூலை 1 அன்று வந்த இம்முறையில், ஒரே பான் எண்ணை வைத்திருப்பவரும் சரக்கை வைத்து விற்கும் ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியே பதிவு பெற வேண்டும். 33 என்று தொடங்கும் தமிழ்நாட்டு எண்ணோடு 29 என்று தொடங்கும் கர்நாடக எண்ணும் வந்து சேர, மாதாந்தரத் தாக்கல் இரட்டிப்பாயிற்று.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கர்நாடகப் பதிவுக்காக வாடகை ஒப்பந்தம், கிடங்கு உரிமையாளரின் சம்மதக் கடிதம், மின்கட்டண ரசீது ஆகியவற்றைப் பதிவேற்றிய பிறகு, ரசீது உரிமையாளரின் காலஞ்சென்ற தந்தையின் பெயரில் இருப்பதற்கு விளக்கம் கேட்டார்கள். (நம் ஊர்களில் எத்தனை மின் இணைப்புகள் உயிரோடிருப்பவர் பெயரில் இருக்கின்றன?)

இப்போது என் சரக்கை என் கிடங்குக்கே அனுப்ப, எனக்கு நானே விலைப்பட்டியல் எழுதி, ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஜிஎஸ்டி) செலுத்தி, அதையே பெங்களூர்க் கணக்கில், அங்கே கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வரவாக எடுத்துக்கொள்கிறேன். விற்பனை மந்தமான மாதங்களில் அந்த வரவு அங்கே சும்மா கிடக்கிறது. ஓசூர்க் கணக்கில் கட்ட வேண்டிய வரிக்கோ நான் கைமாற்று வாங்குகிறேன்.