இலவச சார்ஜிங்கின் விலை 2,000 டாலர்

டெஸ்லாவின் பழைய மாடல் எஸ் மின்சாரக் கார் பற்றிப் பேச்சு வந்தால் போதும், "அதுக்கு வாழ்நாள் முழுக்க சூப்பர்சார்ஜர் ஃப்ரீ, தெரியுமா?" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். சூப்பர்சார்ஜர் என்றால் டெஸ்லாவின் அதிவேக சார்ஜிங் நிலையம். அது ஃப்ரீ எல்லாம் இல்லை. முன்கூட்டியே வாங்கிக்கொண்ட பணம்.

2012 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் முதல் ஆறு நிலையங்களை அறிமுகப்படுத்தியபோது, மாடல் எஸ்காரர்களுக்கு இது என்றைக்கும் இலவசம் என்றுதான் எலான் மஸ்க் சொன்னார். ஆனால் அப்போதைய விலைப்பட்டியலில் 85 கிலோவாட் மணி பேட்டரி வாங்கியவருக்குத்தான் அந்த வசதி காரின் விலையிலேயே அடக்கம். 60 கிலோவாட் மணி போதும் என்றவர் அதற்காகத் தனியாக 2,000 டாலர் கட்ட வேண்டும்.

அன்றைக்கு அமெரிக்க வீடுகளில் ஒரு யூனிட் மின்சாரம் சராசரியாக 12 சென்ட். 2,000 டாலருக்கு 16,600 யூனிட்டுக்கு மேல் வரும். யூனிட்டுக்கு மூன்று மைல் என்று வைத்தாலும் சுமார் 50,000 மைல். அவ்வளவு தூரமும் சூப்பர்சார்ஜர் மின்சாரத்திலேயே ஓட்டி முடித்த பிறகுதான் ஓசியே ஆரம்பிக்கிறது! ராத்திரி வீட்டு கராஜில் சொருகிவிட்டுத் தூங்குகிறவர், வருஷத்துக்கு நாலைந்து தடவை மட்டும் வெளியூர் போகிறவர், அந்தக் கணக்கைத் தொடுவதற்குள் காரையே விற்றிருப்பார். நடுவழியில் சீக்கிரம் ஏறுகிற வேகத்துக்கு ஒரு விலை உண்டு, சரி. அப்படியானால் அதை வசதிக் கட்டணம் என்றே சொல்லியிருக்கலாமே.

உண்மையில் லாபம் பார்த்தவர்கள் வீட்டில் சார்ஜ் செய்ய வழியில்லாதவர்களும் டாக்ஸி ஓட்டியவர்களும்தான். கம்பெனிக்கும் அது உறுத்தியது. அன்லிமிடெட் மீல்ஸில் மூன்றாவது தடவை சாதம் கேட்டால் சர்வர் முறைப்பாரே, அதே கதை. உள்ளூரிலேயே அடிக்கடி சூப்பர்சார்ஜருக்கு வந்தவர்களுக்கு 2015இல் கடிதம் போனது. 2016 டிசம்பரில், சார்ஜ் ஏறிய பிறகும் காரை எடுக்காமல் நிறுத்தியிருந்தால் நிமிடத்துக்கு 40 சென்ட் என்று அறிவித்தார்கள். 2017 பிறந்த பிறகு ஆர்டர் கொடுத்தவர்களுக்கு வருஷத்துக்கு 400 யூனிட்தான் இலவசம் என்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் புதிதாக வாங்கும் கார்களை டாக்ஸியாக ஓட்டி சூப்பர்சார்ஜரைப் பயன்படுத்தக் கூடாது என்றும் விதி வந்தது. எனக்கு இதில் கோபம் இல்லை. பலர் பணம் கொடுத்துவிட்டுப் பயன்படுத்தாமல் இருந்தால்தான் இந்த மாதிரி இலவசம் கட்டுப்படியாகும்.

ஃபோக்ஸ்வாகன் கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் அதன் ஐடி.4 மின்சாரக் கார் வாங்கியவர்களுக்கு, எலெக்ட்ரிஃபை அமெரிக்கா என்ற தன் சார்ஜிங் நிறுவனத்தின் நிலையங்களில் மூன்று வருஷம் இலவச சார்ஜிங் கொடுத்தார்கள். அந்த சார்ஜிங் நிறுவனம் பிறந்ததே ஃபோக்ஸ்வாகன் மீதான டீசல் புகை மோசடி வழக்கின் சமரசத்தில்தான். பத்து வருஷத்தில் 200 கோடி டாலர் முதலீடு செய்ய வேண்டும் என்று ஃபோக்ஸ்வாகனின் தலையில் விழுந்த பொறுப்பு அது.

இப்போதும் பழைய மாடல் எஸ் விளம்பரங்களில் "ஃப்ரீ சூப்பர்சார்ஜிங்" என்று கொட்டை எழுத்தில் போட்டு விலையை ஏற்றுகிறார்கள். அந்தச் சலுகை சில கார்களில் காரோடு வரும், சிலவற்றில் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும். விற்பவர் வாய்வார்த்தையை நம்பாமல் டெஸ்லாவிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் அவர் கூடுதலாகக் கேட்கிற தொகையை உங்கள் வீட்டு யூனிட் விலையால் வகுத்துப் பாருங்கள். நெடும்பயணம் அதிகம் போகாதவர் என்றால் அதற்காக ஒரு டாலர்கூட அதிகம் தராதீர்கள்.