நின்ற நேரத்துக்கு ஏன் சத்தம் வரவில்லை?

நேற்று மன்னார்குடியில் ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஸ்பீடு கவர்னரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுகிற லாரி டிரைவர்களையெல்லாம் தூக்கி உள்ளே போடணும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றி இருந்த நாலு பேரும் ஆமாம் போட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. என் வண்டியில் அதைப் பிடுங்கச் சொன்னது டிரைவர் இல்லை, நான்.

அப்போது செகண்ட்ஸில் வாங்கிய 2014 மாடல் பத்து சக்கர வண்டி ஒன்று வைத்திருந்தேன், பாதி நாள் நானே ஓட்டுவேன். 2015 ஏப்ரலில் மத்திய அரசு ஆணை போட்டது: சரக்கு வண்டிகள் 80-க்கு மேல் போகக் கூடாது, டேங்கர், டம்பர், பள்ளிப் பேருந்துக்கு 60, அந்த அக்டோபரிலிருந்து வரும் புது வண்டிகளில் கம்பெனியே கவர்னரை மாட்டித்தான் விற்க வேண்டும். என் பழைய வண்டிக்கு எஃப்சி (வண்டி ஓட்டத் தகுதியானது என்கிற ஆர்டிஓ சான்று) வாங்கப் போனபோது வெளியில் ஒரு கவர்னர் பெட்டி வாங்கி மாட்டினேன். கியர்பாக்ஸ் சென்சாரிலிருந்து வருகிற வேகத்தைப் பார்த்து, டீசல் போகிற வழியில் இருக்கிற வால்வை அது இறுக்கும். மிதித்தாலும் வண்டி 80-க்கு மேல் நகராது.

எஃப்சி முடிந்த மூன்றாவது நாள் மெக்கானிக் ஒருவர் டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்தார். வாயில் டெஸ்டர், காதில் பீடி. பெட்டியின் சீலைத் தொடவே இல்லை. வால்வுக்குப் போகிற ஒரே ஒரு வயரை அவிழ்த்து, முனையில் கறுப்பு டேப் சுற்றி உள்ளே சொருகினார். அந்த மாடலில் கரண்ட் போகாவிட்டால் வால்வு திறந்தே கிடக்கும். பெட்டியில் பச்சை லைட் எரிந்துகொண்டே இருந்தது. "லைட்டு எரியணும்ணே, பிரேக் இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தா லைட்டுதான் தெரியும். அடுத்த எஃப்சிக்கு வாங்க, மாட்டி விடுறேன்." பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பெட்டி வாங்கிய காசுக்கு நான் அழுததெல்லாம் அந்தப் பச்சை லைட்டுக்குத்தான்.

அதனால் என்ன கிடைத்தது என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். தஞ்சாவூர் திருச்சி நாலு வழிச் சாலை சுமார் 55 கிலோமீட்டர். 80-ல் போனால் 41 நிமிஷம், 100-ல் போனால் 33. எட்டு நிமிஷம்! அதுவும் ரோடு காலியாக இருந்தால். இந்தப் பக்கம் நீடாமங்கலம் கேட்டில் கூட்ஸ் வண்டி ஷன்டிங் நடந்தால் அந்த எட்டு நிமிஷத்தைப்போல மூன்று மடங்கு ஒரே மூச்சில் போய்விடும். டெல்டாவில் லாரி ஓட்டினவனுக்கு அந்த கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், இது நிறைய பேருக்குத் தெரியாது. 2018-ல் வந்த அறிவிப்புப்படி சரக்கு வண்டிக்கு 80 என்பது நாலு வழிச் சாலைக்கும் எக்ஸ்பிரஸ்வேக்கும்தான். மற்ற ரோடுகளில் 60. நம்ம பக்கம் ஆற்றங்கரை ரோடு, வாய்க்கால் ரோடு, இரண்டு பக்கமும் வயல், நூறு அடிக்கு ஒரு மதகு, அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே நெல் காயும், உளுந்து காயும். இங்கே 80-ல் நிற்கிற கவர்னர் ஒழுங்காக வேலை செய்தாலும் பிரயோஜனம் இல்லை, அது விடுகிற வேகமே சட்டத்துக்கு மேலே 20. மிதிக்கிறவன் காலில்தான் எல்லாம் இருக்கிறது.

சரி, என் கால் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். 2017 மாசி மாதம், ராத்திரி ஒன்றரை மணி, திருச்சியில் லோடு இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்புகிறேன், செங்கிப்பட்டி தாண்டி முள் 95-ல் நிற்கிறது. முன்னால் ரோட்டின் ஒரு துண்டு மட்டும் அதிகமாக இருட்டாக இருந்தது. வைக்கோல் ஏற்றின டிராக்டர், பின்னால் ஒரு சிவப்பு விளக்கோ ரிஃப்ளெக்டரோ கிடையாது. பிரேக்கில் எழுந்து நின்றேன் என்றே சொல்லலாம். காலி வண்டி வேறு, பின் சக்கரம் துள்ளிக்கொண்டு ஒரு பக்கமாக இழுக்கிறது. எப்படியோ வலது பக்கம் ஒடித்து வெளியே வந்தேன். இடது கண்ணாடி போனது, ஜன்னல் வழியாக ஒரு கட்டு வைக்கோல் கேபினுக்குள் வந்து கிளீனர் மடியில் விழுந்தது. தூக்கத்திலிருந்து எழுந்த பையன் வைக்கோலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முழிக்கிறான். பிரேக் லைனிங் கருகின வாசனை. டிராக்டர்காரர் இறங்கி வந்து, "என்ன தம்பி, தூக்கமா?" என்று ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார். தூக்கம் இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. 80-ஐ விட 100-ல் வண்டி சுமந்துகொண்டு போகிற வேகத்தின் சக்தி ஒன்றரை மடங்குக்கும் மேலே. இது எனக்கு எந்த வகுப்பிலும் புரிந்ததில்லை, அன்றைக்குப் புரிந்தது.

மறுநாளே வயரை மாட்டிவிட்டேன் என்று எழுத ஆசைதான். மாட்டவில்லை. அடுத்த எஃப்சிக்குத்தான் மாட்டினேன்.

இப்போது வண்டி வேறு. 2021-ல் வாங்கிய பிஎஸ் 6, அதாவது புகையைக் குறைக்கிற புது விதிப்படி வந்த வண்டி, கடன் இன்னும் ஓடுகிறது. இதில் வயர் வேலையெல்லாம் கிடையாது, 80 என்பது கம்ப்யூட்டருக்குள்ளேயே எழுதியிருக்கிறது. ஆனால் எழுதினதை அழிக்கவும் ஆள் இருக்கிறார்கள். லேப்டாப்பைக் கொண்டுவந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினால் 80 நூறாகிவிடும். புகையைச் சுத்தம் செய்ய ஊற்ற வேண்டிய யூரியாவை ஊற்றாமலே எல்லாம் சரியாக இருக்கிறது என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்கிற பெட்டியும் விற்கிறார்கள். (நம்ம ஊரில் யூரியா என்றால் வயலுக்குத்தான். லாரிக்கும் யூரியா வாங்கணும் என்றதும் என் அப்பா, "அடியுரமா மேலுரமாடா?" என்று கேட்டார்.) ஜிபிஎஸ் பெட்டிக்கு அலுமினியத் தாள் சுற்றுவது, ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு "டவர் இல்லண்ணே" என்பது, இதெல்லாம் எல்லா ஸ்டாண்டிலும் உண்டு. டிரைவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. டீசல் விற்கிறவனும் இருக்கிறான், வழியில் கள்ள லோடு ஏற்றுகிறவனும் இருக்கிறான். ஓட்டுகிற நேரத்தையும் வேகத்தையும் பதிகிற டேக்கோகிராஃப் கருவி கட்டாயமாக இருக்கிற ஐரோப்பாவிலேயே கியர்பாக்ஸ் சென்சாரில் காந்தத்தை ஒட்டி, ஓடுகிற வண்டியை நிற்பதாகக் காட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆனால் போன மாதம் நடந்ததைக் கேளுங்கள். இந்த சம்பாவுக்கு நெல் ஏற்றிக்கொண்டு ஒரு குடோனுக்குப் போன என் வண்டி, இறக்க ஆள் இல்லை, இடம் இல்லை, ஈரம் 17 சதவீதத்துக்கு மேலே என்று வாசலிலேயே 52 மணி நேரம் நின்றது. டிரைவர் தம்பி வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்கியிருக்கிறான். இறக்கி முடித்த கையோடு ஒரு மில்லில் அரிசி ஏற்றி சென்னைக்கு ஓட்டம். காலையில் நோ என்ட்ரி போடுவதற்கு முன்னால் ஊருக்குள் நுழைந்தாக வேண்டும், சரக்குக்காரப் பார்ட்டி அரை மணிக்கு ஒரு தடவை ஃபோன். வண்டி 70-ஐத் தாண்டினால் என் ஃபோன் கத்தும்படி ஜிபிஎஸ் ஆப்பில் வைத்திருக்கிறேன். திண்டிவனம் தாண்டினதும் என் ஃபோன் கத்த ஆரம்பித்தது. 78, 79, 78. தூக்கத்தில் எழுந்து அவனைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"அண்ணே, நான் ரெண்டு நாளு வாசல்ல நின்னேன்ல, அதுக்கு உங்க ஃபோன் ஏன்ணே கத்தல?"

பதில் இல்லை. விடிந்ததும் உட்கார்ந்து அந்த வார ரிப்போர்ட்டை எடுத்தேன். எல்லாம் இருக்கிறது. எத்தனை மணிக்கு வாசலுக்குப் போனான், எத்தனை தடவை இஞ்சினைப் போட்டு நாலு அடி நகர்ந்தான், எப்போது உள்ளே விட்டார்கள், நிமிஷக் கணக்கில் இருக்கிறது. வேகத்துக்கு மட்டும் சிவப்பு. நின்றதற்குச் சாம்பல் நிறம், சத்தம் இல்லை. கம்ப்யூட்டர் தப்புச் செய்யவில்லை. எதற்குக் கத்தணும் என்று அதற்குச் சொன்னவன் நான்.

லாரி டிரைவருக்கு நம்மூரில் சம்பளம் என்பது பெரும்பாலும் டிரிப்புக்கு இவ்வளவு, பேட்டா இவ்வளவு. நின்றால் காசு இல்லை. நின்ற இரண்டு நாளை அவன் எங்கே பிடிப்பான்? ரோட்டில்தான் பிடிப்பான், தூக்கத்தில்தான் பிடிப்பான். மோட்டார் தொழிலாளருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று 1961-லேயே சட்டம் எழுதிவிட்டார்கள். அன்றைக்கு நம்ம வண்டிகளில் அதை அளக்கக் கருவி இல்லை. இன்றைக்குக் கருவி வண்டிக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் அது அளப்பதெல்லாம் முதலாளி ஃபோனுக்கு மட்டும் வருகிறது, அதுவும் முதலாளி கேட்கிறது மட்டும். 2019 திருத்தச் சட்டத்தில் வேகமாக ஓட்டுகிறவன் மட்டும் இல்லை, தன்னிடம் வேலை செய்கிறவனை அப்படி ஓட்ட வைக்கிறவனும் குற்றவாளி என்று இருக்கிறது. அதன்படி பார்த்தால் அரை மணிக்கு ஒரு தடவை ஃபோன் போட்ட பார்ட்டி எங்கே, வாசலில் 52 மணி நேரம் நிறுத்தினவர்கள் எங்கே, நான் எங்கே?

கேபினுக்குள் டிரைவர் முகத்தைப் பார்த்தபடி கேமரா வைக்கச் சொல்லி இப்போது என்னிடம் ஒருவர் வந்து பேசிக்கொண்டிருக்கிறார். கண் மூடினால் மணி அடிக்குமாம். நல்லதுதான். ஆனால் அவன் சாப்பிடுவது, கைலி மாற்றுவது, பெண்டாட்டியிடம் சண்டை போடுவது எல்லாம் அந்தக் கேபினில்தான். எனக்கு மனசு வரவில்லை. அதற்குப் பதிலாக அந்த வாராந்தர ரிப்போர்ட்டின் ஒரு காப்பியை அவன் ஃபோனுக்கும் அனுப்ப ஆரம்பித்திருக்கிறேன். நிற்கிற நேரத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று ஹால்ட் பேட்டா என் கையிலிருந்து கொடுக்கிறேன். பெரிய தொகை இல்லை, ஊர் மெச்சுவதற்காகச் சொல்லவும் இல்லை, கவர்னரைத் திறந்துவிடலாமா என்று அவன் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது நின்றிருக்கிறது, அவ்வளவுதான். நெல் ஓட்டத்தைக் கொடுத்த கான்ட்ராக்டரிடம் அந்த 52 மணி நேரத்தைக் காகிதத்தில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் யாருப்பா கேட்டா?" என்று திருப்பிக் கொடுத்தார்.

இதை எழுதும்போதும் வண்டி ஒரு குடோன் வாசலில்தான் நிற்கிறது. நேற்று மதியம் 2 மணிக்குப் போனது, முன்னால் பதினேழு வண்டி. நிற்பதற்கும் கத்து என்று இதில் எங்கே அமைப்பது என்று தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், அந்த ஆப்பில் அப்படி ஒரு இடமே இல்லை.