பழைய ஆலயத்தைத் திறந்துவிடுவோம், ஆனால் முதலில் சுவரின் ஈரத்தைப் பார்ப்போம்

எங்கள் சபையின் பழைய ஆலயத்தைச் சீரமைத்து, வார நாட்களிலும் அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிடலாமா என்று பேச்சு நடக்கிறது. பிள்ளைகளுக்குப் பாடம், முதியோர் கூடிப் பேச ஓர் இடம், துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆறுதல் ஊழியம் என்று நிறைய யோசனைகள். ஆராதனை நடக்கும் இடத்தில் இதெல்லாமா என்று பெரியவர்கள் சிலர் வருந்துகிறார்கள். அங்கேதான் அவர்களுக்கு ஞானஸ்நானமும் கல்யாணமும் நடந்தன. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் திறக்கத்தான் வேண்டும் என்கிறேன்.

வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடந்தால், கூரையில் ஓர் ஓடு நகர்ந்தது யார் கண்ணில் படும்? உத்தரம் உளுத்த பிறகுதான் தெரியவரும். பழைய கட்டடங்களைப் பொதுநன்மைக்குப் பயன்படுத்துவது அவற்றின் பாதுகாப்புக்கே உதவும் என்று, பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச வழிகாட்டியான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் சொல்கிறது. அதற்காகக் கட்டடத்தின் அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றிவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

பெரிய சண்டை பெஞ்சுகளை நகர்த்துவதைப் பற்றித்தான். ஐரோப்பாவின் பழைய ஆலயங்களில் பல நூற்றாண்டுகள் நிலையான பெஞ்சுகளே கிடையாது. மக்கள் நின்றும் முழங்காலிட்டும் ஜெபித்தார்கள். இடைக்காலத்தின் கடைசியிலும் திருச்சபைச் சீர்திருத்தத்துக்குப் பிறகும்தான் அவை பரவின. அதனால் சில வரிசைகளை நகர்த்தினால் விசுவாசம் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் படம் எடுத்து, எண் போட்டு, பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும். விற்றுவிட்டால் திரும்பக் கிடைக்காது. அதேபோல் கழிப்பறையோ சமையலறையோ வந்தால் பழைய சுவரைக் குடையாமல் தனியாக நிற்கட்டும்; நாளைக்கு வேண்டாமென்றால் கழற்றிவிடலாம்.

லண்டனின் செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் ஆலயம் 1720களில் கட்டியது. முதல் உலகப் போர்க் காலத்தில் போதகர் டிக் ஷெப்பர்ட் அதைப் போர்வீரர்களுக்குத் திறந்துவிட்டார். வீடற்றவர்களுக்கான ஊழியம் இன்றும் அங்கே தொடர்கிறது, ஆராதனையும் நடக்கிறது.

சரி, என் உண்மையான கவலைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் நல்லெண்ணத்தோடுதான் எங்கள் ஆலயத்தின் உள்சுவருக்கு சிமென்ட் பூசினோம். இரண்டே மழைக்காலத்தில் பூச்சு உப்பிக்கொண்டு வந்தது, வெள்ளையாக உப்புப் பூத்தது. அது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே வாங்கினாலும் மெல்ல வெளியே விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெளியேற முடியாத ஈரம் செங்கல்லையே அரித்து உதிர்க்கிறது. கூரை ஒழுகலையும் மழைநீர் வடிகாலையும் சரிசெய்யாமல் பெயின்ட் அடித்து, ஒலிபெருக்கி வாங்கி, விளக்கு மாட்டினால் காசு வீண்தான்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் வேண்டும், அப்புறம் பொறுமை வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் சுண்ணாம்புச் சாந்து இறுகும். அதற்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் பிரதிஷ்டை நாளை இப்போதே குறிக்காதீர்கள் என்று கமிட்டியில் கேட்டிருக்கிறேன். சுவர் காயட்டும். அதுவரை பாட வகுப்பை முற்றத்து மர நிழலில் நடத்தலாம், நான் வந்து சொல்லித்தருகிறேன்.