மூட்டு மாற்றினால் ஃபைப்ரோமயால்ஜியா போய்விடுமா? போகாது

"மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தால் ஃபைப்ரோமயால்ஜியா வலி முழுக்கப் போய்விடும்" என்று தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தப்பு. அந்த ஆபரேஷன் தேய்ந்துபோன மூட்டுக்கு. ஃபைப்ரோமயால்ஜியாவோ உடம்பு முழுக்க நாள்பட்ட வலி தரும் நோய்; அது மூட்டைத் தேய்ப்பதே இல்லை, நரம்பு மண்டலம் வலியைக் கூட்டி உணர்வதால் வருவது. முட்டி உண்மையிலேயே தேய்ந்திருந்தால் ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்கும் பலன் உண்டு, ஆனால் ஆபரேஷனுக்கு அப்புறமும் வலி மிச்சமிருப்பது இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மாடிப்படி ஏறுவது சுலபமாகலாம், தோளும் கழுத்தும் பழையபடி வலிக்கும்.

செலவு? தென்னாப்பிரிக்காவில் மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் ஃபைப்ரோமயால்ஜியா இல்லை, அதனால் தொடர்ந்து வாங்கும் மாத்திரை, பிசியோ எல்லாம் உங்கள் தலையில் விழலாம். அரசு ஆஸ்பத்திரியில் காத்திருப்பு நீளம்தான், அதற்காகக் கடன் வாங்கித் தனியாருக்கு ஓடாதீர்கள் அக்கா, முதலில் எக்ஸ்ரேயில் தேய்மானம் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.