மின்தடை காட்டாத சென்சார் பழுதானதா?

"எந்தச் சென்சாரையும் மல்டிமீட்டரின் ஓம் நிலையில் வைத்துப் பாருங்கள், மின்தடை காட்டாவிட்டால் பழுதானது, மாற்றிவிடுங்கள்" என்று பரவும் தகவல் தவறானது.

ஓம் நிலையில் மீட்டர் நேர்திசை மின்னோட்டத்தையே செலுத்துவதால், மின்தேக்கி வகைச் சென்சார் நல்ல நிலையில் இருந்தாலும் திறந்த சுற்றாகவே (மின்னோட்டம் பாயாத துண்டித்த இணைப்பு போல) தெரியும். தூண்டல் சுருளிலோ கம்பியின் மின்தடை மட்டும் தெரியுமே தவிர, அளக்க வேண்டிய மின்தூண்டல் எண் தெரியாது. இவ்விரண்டையும் அளக்க, மாறும் மின்னழுத்தம் கொடுத்து இயக்கும் இடைமுகச் சுற்று தேவை.

மின்தடை வகைக்கும் இந்தச் சோதனை போதாது. பிளாட்டினத்தின் மின்தடை மாற்றத்தைக் கொண்டு வெப்பநிலையை அளக்கும் பிடி100 (Pt100) சென்சார் 0 டிகிரி செல்சியஸில் 100 ஓம், 100 டிகிரியில் சுமார் 138.5 ஓம் காட்டும். ஆகவே இணைப்புக் கம்பியில் 1 ஓம் கூடினாலே ஏறத்தாழ இரண்டரை டிகிரி பிழை வந்துவிடும். கம்பியின் மின்தடை அளவீட்டில் சேராமல் தடுக்கும் நான்கு கம்பி இணைப்பு இதற்காகத்தான். இம்மதிப்புகளை ஐஇசி 60751 (IEC 60751) என்ற பன்னாட்டுத் தரநிலையிலும், மற்றவற்றை அந்தந்தச் சென்சாரின் தரவுத்தாளிலும் சரிபார்க்கலாம். நல்ல சென்சார்கள் வீணாகக் குப்பைக்குப் போவது வேதனை தருகிறது. அத்தகவலை இனியும் பகிர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.