ஈ.கோலை தெரிந்தாலே தொற்று அல்ல

"மலப் பரிசோதனையில் ஈ.கோலை பாக்டீரியா தென்பட்டால் குடலில் தொற்று இருக்கிறது, உடனே ஆன்டிபயாடிக் தொடங்குங்கள்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். முதல் பாதி தவறு, இரண்டாம் பாதி ஆபத்து.

பிறந்த சில நாட்களிலேயே ஈ.கோலை நம் குடலில் குடியேறிவிடுகிறது. 1885-இல் குழந்தை மருத்துவர் தியோடர் எஷரிக் இதை விவரித்ததே பச்சிளங்குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தபோதுதான். அது மலத்தில் இல்லாவிட்டால்தான் வியப்பு.

இடம் மாறினால் கதை வேறு. சிறுநீர்ப் பாதைத் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம். பிறந்த குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலும் வரலாம்.

குடலுக்குள்ளேயே நோய் தருபவை சில வகைகள் மட்டும்தான். அவற்றில் கொடியது ஷிகா என்ற நச்சைச் சுரக்கும் ஓ157:எச்7 வகை. கடுமையான வயிற்றுவலி, இரத்தம் கலந்த பேதி. காய்ச்சல் பெரிதாக இருக்காது. சிலருக்கு, குறிப்பாகச் சிறு குழந்தைகளுக்கு, ஒரு வாரத்தில் சிறுநீரகம் செயலிழக்கிறது. 2011-இல் ஜெர்மனியில் முளைவிட்ட வெந்தயம் வழியே பரவிய ஓ104:எச்4 என்ற வகை ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

ஷிகா நச்சுக்கான மரபணு, பாக்டீரியாவுக்குள் உறங்கும் ஒரு வைரஸில் இருக்கிறது. சில ஆன்டிபயாடிக்குகள் பாக்டீரியாவின் டிஎன்ஏவைச் சிதைக்கும்போது அந்த வைரஸ் விழித்துக்கொள்ள, நச்சு இன்னும் கூடுகிறது. அதனால்தான் இத்தொற்றில் மருத்துவர்கள் பொதுவாக ஆன்டிபயாடிக்கையும் பேதியை நிறுத்தும் மாத்திரையையும் தவிர்த்து, நீரிழப்பைச் சரிசெய்தபடி சிறுநீரகத்தைக் கண்காணிக்கிறார்கள். இரத்தப் பேதி என்றால் மருத்துவரிடம் ஷிகா நச்சுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். மாத்திரை அதற்குப் பிறகு.